ஏறத் தெரியுமா தம்பி?

வாங்க தம்பி. படகும் பனியனும் ஒரே கலரு. கடலே கண்ணு கூசி ஒதுங்கிக்கும். கவுந்தா ஏறத் தெரியுமா? "நீச்சல் தெரியும் தாத்தா"ங்கிறீங்க. காலிக் கயாக்கைக் காத்து தள்ளிக்கிட்டுப் போச்சுன்னா உங்க நீச்சலு அதை எட்டிப் பிடிக்காது. என்ன ஆனாலும் படகை விட்டுடாதீங்க.

ஆடி மாசம், கச்சான் வீசுது. மண்டபத்துக்கு வடகரையில அது தரையிலேருந்து கடலுக்குத் தள்ளுற காத்து. கரையோரம் குளமாட்டம் கிடக்கும். போகையில "நமக்கு என்னா தெம்பு!"ன்னு தோணும். திரும்பையிலதான் அது யாரு தெம்புன்னு தெரியும்.

இடுப்புல பாவாடை மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கீங்களே, அதோட முன்வளையம் எங்க? உள்ள மடிச்சுட்டீங்களா? சரிதான், தலைகீழாத் தொங்கையில சாவகாசமாத் தேடலாம்! வெளிய இழுத்து விடுங்க. அதைப் பிடிச்சு இழுத்தாத்தான் உங்களுக்கு விடுதலை.

அந்த மஞ்சப் பை துடுப்பு மிதவையா? உறையே பிரிக்கலையே! கேளுங்க. கவுந்த படகை முதல்ல நிமித்தணும். ஒரு காலை உக்கார்ற குழிக்குள்ள கோத்துக்கிட்டா படகு ஓடாது, கை ரெண்டும் சும்மா இருக்கும். துடுப்போட ஒரு முனையில பையை மாட்டி, வாயால ஊதுங்க. உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டே ஊதுறது தனிக் கச்சேரி. மறுமுனையைக் குழிக்குப் பின்னால குறுக்க வச்சு அழுத்திப் பிடிச்சு, பின்தளத்துல குப்புற ஏறுங்க. காலை ஒவ்வொண்ணா உள்ள விட்டு, மிதவைப் பக்கமே சாஞ்சு, அதைப் பாத்தபடியே திரும்பி உக்காருங்க. மறுபக்கம் சாஞ்சா மறுபடியும் மீனுக்கு வணக்கம்.

உக்காந்ததோட முடியல. உள்ள அம்பது லிட்டர் நின்னா, அம்பது கிலோ இப்படியும் அப்படியும் புரளும். கட்டுமரத்துல அந்தத் தொல்லை இல்ல, வந்த தண்ணி கட்டை இடுக்குல இறங்கிடும். மேல உக்கார்ற கயாக்குலயும் ஓட்டை வழியா வடிஞ்சிடும். நீங்க கௌரவமாக் குழி வச்சதுல்ல வாங்கியிருக்கீங்க! தண்ணி இறைக்கிற கைப்பம்பு எங்க? கார்லயா? நல்லது, நனையாம இருக்கும்.

போயி எடுத்துட்டு வாங்க. விசிலையும் சட்டையிலயே கட்டுங்க. கழுத்தளவுத் தண்ணி இந்தா கிடக்கு. நானே கவுத்து விடுறேன், கூலி வேணாம். கை சோர்ந்த பிறகும் நீங்களே ஏறி, தண்ணிய இறைச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் இந்தப் படகு கரையைத் தாண்டாது.