தலைக்கு வாடகை

முதல் தேதி வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர், பர்கூரில் நான்கு பேர் தங்கும் அறைக்கு ஏழு பேர் கணக்குச் சொன்னார். கையில் ஆதாரம் வைத்திருந்தார். அறைவாசிகளில் இளையவன், சிப்காட் கம்பெனியில் வேலை பார்க்கும் ஊத்தங்கரைப் பையன், 'எங்க ரூம்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த டிஜிட்டல் கொலாஜ். அதில் ஒரே ஆள் லுங்கியோடு ஒரு மூலையில் நிற்கிறார், யூனிஃபார்மோடு இன்னொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார், போர்வைக்குள் நடுவில் படுத்திருக்கிறார். அந்த ஆள்தான் இந்தக் கட்டுரையின் ஆசிரியர். இன்னோர் அறைவாசியான குப்பத்துக்காரர் பல் தேய்த்துக்கொண்டு ஒரு தடவை, சோறு தின்றுகொண்டு ஒரு தடவை. இளையவனும் நான்காமவரான ஒடிசாக்காரரும் ஆளுக்கு ஒரு தடவை. ஆக ஏழு.

"மூணும் நான்தாங்க."

"படத்துல இருக்கறத நானா இட்டுக்கட்டிச் சொல்றேன்? தலைக்கு இவ்ளோன்னுதானே பேச்சு?"

அன்றிலிருந்து கட்டுரையாளருக்குக் கொலாஜ் என்றாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் கூட்டுக் குடியிருப்பைப் புரிந்துகொள்ள இந்தக் கலை எப்படி உதவும் என்று ஒரு முக்கியமான கருத்து அவரிடம் உண்டு. அதைக் கடைசியில் சொல்வார்.

இந்தக் கலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். டேவிட் ஹாக்னி 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தான் குடியிருந்த வீட்டைப் போலராய்டு கேமராவால் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டினார். அவருடைய படங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று முகம் வருவது சகஜம். ஹாக்னியிடம் யாரும் தலை எண்ணவில்லை, கலை என்றார்கள். அவருக்கும் முன்னால், 1956இல், ரிச்சர்ட் ஹாமில்டன் லண்டன் வைட்சேப்பல் கேலரி கண்காட்சிக்காக அமெரிக்கப் பத்திரிகைகளைக் கத்தரித்து ஒரு வீட்டு ஹாலை உண்டாக்கினார். அதில் டிவி, டேப் ரிக்கார்டர், வேக்குவம் கிளீனர் எல்லாம் இருக்கும். இத்தனையையும் எந்த பிளக்கில் செருகினார்கள் என்று விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் பர்கூர் அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். கதவுக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டின் ஓரத்தில் இருக்கிறது. மூன்று பின் நுழைந்தால்தான் அதன் உள்மூடி திறக்கும். செல்போன் சார்ஜருக்கோ இரண்டே பின். ஆகவே தீர்ந்துபோன ரீஃபில் ஒன்றை எர்த் ஓட்டையில் செருகி, மூடியை நெம்பிப் பிடித்துக்கொண்டு சார்ஜரைத் திணிக்க வேண்டும். அந்த ரீஃபில் நூலில் கட்டி ஆணியில் தொங்குகிறது. அறையில் பொதுச்சொத்து என்றால் அது மட்டும்தான். தண்ணீர் கேனுக்குக்கூடத் தனித்தனிக் கணக்கு.

பிளக்கிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் அதே மாதிரி மூடியோடு நான்கு ஓட்டை. ஒன்று கருகிப்போனது. ஒன்றில் கொசு மெஷின். கழற்றினால் குப்பத்துக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மீதி இரண்டில், விடிகாலை ஐந்து மணிக்கு ஏ ஷிஃப்ட்காரர் ரைஸ் குக்கரும் ஹீட்டர் கம்பியும் போடுகிறார். சற்று நேரத்தில் சி ஷிஃப்ட் முடிந்து ஒடிசாக்காரர் செத்த போனோடு வந்து சேருகிறார். குக்கர் அவசரம் அவருக்குத் தெரியாது, பிடுங்குகிறார். சோறு அரை வேக்காடு. இதற்கிடையில் யாராவது அயர்ன் பாக்ஸ் போட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, பூட்டு போட்டிருக்கும். சாவி வீட்டுக்காரரின் மச்சானிடம். மச்சான் ஜவுளிக்கடையில். எந்த ஜவுளிக்கடை? பர்கூரில் போய் அதைக் கேட்பவன் முட்டாள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கல்யாணத் துணி எடுக்க வரும் ஊர் இது. கடை கடையாக ஏறி இறங்கினால், தமிழிலும் தெலுங்கிலும் "வாங்க, என்ன பார்க்கறீங்க?" என்பார்கள். ஃபியூஸ் சாவி என்று சொன்னால் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுவார்கள். கட்டுரையாளர் ஒருமுறை சாவி தேடிப் போய் ஒரு வேட்டியோடு திரும்பினார்.

கொலாஜில் அந்த பிளக் இல்லை. இளையவன் அதன் மேல் இணையத்திலிருந்து இறக்கிய மணி பிளான்ட் படத்தை ஒட்டிவிட்டான். "லுக்கா இருக்கும்ணே" என்கிறான்.

போட்டோஷாப்பில், படத்தின் மேல் படம் அடுக்கும் லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே வருஷம். கம்ப்யூட்டர் இல்லாமலே இங்கே அறைகளில் லேயர் உண்டு: ஒரே ஆணியில் துண்டு, அதன் மேல் யூனிஃபார்ம், அதன் மேல் ஜீன்ஸ். அடியில் உள்ளதை இழுத்தால் மேலே உள்ளது அத்தனையும் தரைக்கு வரும், 'அன்டூ' கிடையாது.

இந்தியாவில் கம்ப்யூட்டர் கொலாஜை ஒழுங்காகச் செய்தவர் கலைஞர் விவான் சுந்தரம். தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களை 2001-02இல் கம்ப்யூட்டரில் கலந்து, வெவ்வேறு வயதில் இருந்தவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தார். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் அவருக்குப் பெரியம்மா. அம்ரிதா இறந்தது 1941இல், விவான் பிறந்தது 1943இல். நேரில் பார்க்க முடியாத பெரியம்மாவைக் கம்ப்யூட்டரில்தான் வீட்டுக்கு அழைக்க முடிந்தது.

பர்கூர் அறையும் ஏறக்குறைய அப்படித்தான். நால்வரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கிறார். ஒடிசாக்காரரின் முழு முகத்தைக் கட்டுரையாளர் நிதானமாகப் பார்த்ததே அந்தக் கொலாஜில்தான், மீசை இருக்கிறது.

அரசும் இப்படிப் பலரை ஓர் அறையில் தங்கவைக்கிறது: காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில், 18,720 பெண் தொழிலாளர்களுக்கு அரசு விடுதி திறந்தார்கள். செலவு 706.50 கோடி ரூபாய், ஓர் அறைக்கு 6 பேர். செய்தியைப் படித்ததும் கட்டுரையாளர் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டார்: 3,120 அறை. ஓர் அறைக்கு எத்தனை பிளக் என்று எந்தச் செய்தியிலும் அவர் கண்ணில் படவில்லை.

அந்த முக்கியமான கருத்துக்கு இனி இடமில்லை. இதைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு விண்ணப்பம் மட்டும்: வாடகையைத் தலைக்கு வாங்குகிறீர்கள், பிளக்கையும் தலைக்கு ஒன்று வையுங்கள். எலக்ட்ரீஷியன் கூலியை நால்வரும் பங்கு போட்டுக்கொள்ளத் தயார்.