பத்தாவது பாடம்

என் கடைசித் தம்பியின் மகள் மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, மாசாய்ப் பக்கம் வீடு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க வேண்டும் என்று போன வருடமே முடிவு செய்துவிட்டாள். நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்கள், எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ, அதற்குப் பிறகு மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா, புறப்பாட நடவடிக்கையில் என்ன பொறுப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறாள். அவளுக்குப் பதினைந்து வயது. கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதைக் கேட்க என் அப்பா இல்லையே என்றும் இருக்கிறது.

1984இல் நான் மூன்றாம் படிவம். கூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பெரும்பாலோர்போல நானும் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்து மலாய் படித்துவிட்டுத்தான் முதலாம் படிவத்துக்குப் போனேன். மூன்றாம் படிவ முடிவில் எஸ்.ஆர்.பி. தேர்வு. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அறிவியல் வகுப்பு, குறைந்தால் கலை வகுப்பு, தேறாவிட்டால் வீடு. வீட்டுக்கு வந்த பையன்கள் பாசிர் கூடாங்குக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் பால் வெட்டப் போனார்கள், அல்லது எலெக்ட்ரானிக் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். எந்த வகுப்பு வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. தேர்வுத்தாள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தோம்.

எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர் எவரும் அதுவரை இல்லை. பல்கலைக்கழகம் தூரத்தில் இருந்ததால் வந்த நிலைமை என்றும் சொல்ல முடியாது. கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில், ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புது வளாகம் அந்த ஆண்டுகளில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. பேருந்தில் போகும்போதெல்லாம் செம்மண் மேடுகளும் புதுக் கட்டடங்களும் தெரியும். எங்கள் தோட்டத்து ஆண்கள் சிலர் அங்கே கட்டட வேலைக்குப் போய்வந்தார்கள். அங்கே படிக்கவும் போகலாம், அதற்கு நான்காம் படிவத்திலேயே இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் லயத்தில் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். ஏழ்மையைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருப்போம். தெரியாத கதவைத் தட்ட முடியுமா?

எனக்குத் தட்டிக் காட்டியவர் என் ஐந்தாம் படிவ வகுப்பாசிரியர், ஒரு மலாய்க்காரர். ஆறாம் படிவத்துக்கான பாரத்தை அவரே வாங்கி, நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து வாங்க மோட்டாரில் தோட்டத்துக்கே வந்தார். அம்மா அவருக்கு வரக்காப்பி கொடுத்தாள். அப்பா கைரேகை வைத்தார். 1988இல் நான் எஸ்.டி.பி.எம். எழுதினேன். அன்று நாடு முழுவதற்கும் 7 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்தான். இடங்கள் இன ஒதுக்கீட்டின்படி பிரிக்கப்பட்டிருந்தன. தனியார் உயர்கல்விச் சட்டம் 1996இல்தான் வந்தது. அதற்கு முன் இடம் கிடைக்காதவர்களுக்கு, வெளிநாடு போக வசதி இல்லையென்றால், வழி பெரும்பாலும் அத்தோடு அடைபட்டது. எனக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கலைத்துறை கிடைத்தது. என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்திக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு யாரும் பாரம் கொண்டுபோகவில்லை.

இப்படித் தனி மனிதர்களின் நல்ல மனதை நம்பியிருந்த ஒரு காரியத்தை அமைப்பாக்க முயன்றது ஸ்ரீ முருகன் நிலையம். டாக்டர் தம்பிராஜா தலைமையில் 1982இல் தொடங்கியது. வார இறுதிகளில் வகுப்பு, தேர்வுப் பயிற்சி, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை. ஆசிரியையான பிறகு நானும் சில வருடங்கள் சனிக்கிழமைகளில் அங்கே சொல்லிக் கொடுத்தேன். பாடத்தைவிட முக்கியமாக நான் அங்கே கண்டது ஒன்று உண்டு: பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "நீ பல்கலைக்கழகம் போகப்போகிறாய், அதற்கு இதெல்லாம் வேண்டும்" என்று சொல்வது. அதைக் கேட்ட பிள்ளையின் முகம் மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 20. விண்ணப்பம் யு.பி.யு. இணையத்தளத்தில் நடக்கிறது. தகுதிப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம்: கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. எஸ்.டி.பி.எம்.மில் 4.00 வாங்கிய எல்லோருக்கும் அந்த 90 கிடைத்துவிடும். அதனால், மருத்துவம் மாதிரி போட்டி மிகுந்த துறைகளில், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பது மீதிப் பத்தும் நேர்முகத் தேர்வும்தான். "அங்கெல்லாம் போய் ஓடியாடி என்ன, உட்கார்ந்து படி" என்று பிள்ளையைச் சீருடை இயக்கத்திலிருந்து நிறுத்தும் பெற்றோருக்கு இதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

தகவலுக்கு இன்று பஞ்சமில்லை. எச்சரிக்கைதான் இல்லாமல் போயிற்று. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. எஸ்.ஆர்.பி.யின் வழிவந்த பி.எம்.ஆர்., அதன் பிறகு வந்த பி.டி.3, அதுவும் 2022இல் போயிற்று. சின்ன வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்துத் தள்ளிய தேர்வுகள் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான், எஸ்.ஆர்.பி. முடிவு வந்த நாளின் அழுகைகளை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை முதன்முதலாக எழுதுகிற பொதுத்தேர்வு இப்போது பதினேழு வயதில் வருகிற எஸ்.பி.எம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே, மூன்றாம் படிவ முடிவில், பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். உயிரியலும் வேதியியலும் விட்டால் மருத்துவம் போயிற்று. கூடுதல் கணிதம் விட்டால் பொறியியல் போயிற்று. அன்று தேர்வுத்தாள் தீர்மானித்ததை இன்று ஒரு பாரத்தில் போடுகிற குறி தீர்மானிக்கிறது. அழுகைச் சத்தம் கேட்காது. விஷயம் தெரிய வரும்போது இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

அந்தப் பாரத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது யார்? என் அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன் தோட்டத்தில் பெயர் பதியும் பிரட்டுக்குப் போனார்கள். என் தம்பி விடிவதற்கு முன் சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிறான். 1924இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தை, நாலரை மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே கடக்கிறான். சிங்கப்பூர்ச் சம்பளத்தில்தான் வீட்டுக் கடனும் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் நடக்கின்றன. திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். நாற்பது வருடத்தில் தோட்டம் போய்த் தாமான் வந்துவிட்டது, லயம் போய்ச் சொந்த வீடு வந்துவிட்டது. விடியற்காலையில் அப்பா வீட்டில் இல்லாதது மட்டும் அப்படியே இருக்கிறது. "அக்கா, பாடத்தொகுப்புன்னு பள்ளியில ஒரு தாள் குடுத்துருக்காங்க. நீங்களே வந்து பாருங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்று அவன் போன் செய்தபோது எனக்கு அப்பாவின் கைரேகைதான் நினைவுக்கு வந்தது.

போய்ப் பார்த்தேன். அறிவியல் பாடங்களில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. தமிழை மட்டும் விட்டிருந்தாள்.

"தமிழ்ல ஏ எடுக்கறது கஷ்டம் அத்தே. பிரண்ட்ஸ் எல்லாரும் விடறாங்க" என்றாள்.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. 2004 எஸ்.பி.எம். தேர்வில் எங்கள் ஜொகூரின் உலு திராம் பள்ளி மாணவி நூர் அமலினா 17 பாடங்களில் ஏ1 வாங்கி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்தக் காலத்தில் பாடங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிறகு எஸ்.பி.எம்.முக்குப் பத்துப் பாடம் போதும் என்று அரசாங்கம் 2009இல் அறிவித்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று நம் மக்கள் ஊர் ஊராகக் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே 12 பாடங்கள் வரை எடுக்கலாம் என்றானது. போராடி வாங்கிய அந்த இடத்தை நம் பிள்ளைகளே காலியாக விடுவதைப் பார்க்க எனக்கு மனம் வேகிறது.

அவளிடம் மொழிப்பற்றைப் பற்றி நான் பேசவில்லை. கணக்குப் பேசினேன். 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு மாறவில்லை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுக்கும் மாணவர் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். சரி, பத்து ஏ வாங்கப் பத்துப் பாடம் வேண்டுமே! மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி என்று ஐந்து. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் என்று நான்கு. கூட்டினால் ஒன்பது. "பத்தாவது எங்கேம்மா?" என்று கேட்டேன். அவள் விரல் விட்டு மறுபடி எண்ணினாள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவளுக்கு, இன்னும் இரண்டு வருடம் உழைத்தால் எட்டக்கூடிய பாடம் தமிழ்தான். புதிதாக ஒரு பாடத்தை எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வருவதைவிட அது எளிது. தமிழில் ஏ கடினம் என்பது உண்மை. கட்டுரையும் இலக்கணமும் வாரா வாரம் எழுதிப் பழக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் சம்மதித்துவிட்டாள். இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக நடப்பதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் நடக்கும். தோட்டத்தில் தமிழ் வகுப்புக்கு ஆள் தேடியதே இல்லை. தாமானில் வீடு வீடாகத் தேட வேண்டியிருக்கிறது. அவள் படிவத்தில் இதுவரை பன்னிரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும். ஒரு வீட்டில் தந்தை பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர், பேசினால் கேட்பார் என்கிறான் தம்பி. இன்னொரு வீட்டில் தாய்க்குத் தமிழ் எடுத்தால் மற்றப் பாடம் கெட்டுவிடும் என்ற பயம். மூன்றாவது பையன் தமிழில் நன்றாக எழுதுவான், கேட்க ஆள் இல்லாததால் விட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு விடுமுறை. அன்று மூன்று வீட்டுக்கும் அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பாரத்தைத் திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும்.