கோட்டுக்கு வெளியே நின்று ஜெயித்தவர்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஆடி ஓய்ந்தவர்கள் மேனேஜராகிறார்கள். நம் ஊரில் அப்படிச் சாதித்தவர் உண்டா?
– வாசகர், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: அங்கே மேனேஜருக்கு அறுபது வயதானாலும் ஆட்டக்காரரின் சீருடைதான். நம் கால்பந்துப் பயிற்சியாளர் பாவம், உடையையும் மாற்றிக்கொண்டு 90 நிமிடம் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். கால் துடிக்கும், ஓட அனுமதி வாய்க்கு மட்டுமே!

அப்படி நின்று ஜெயித்தவர் சாலக்குடிக்காரர் டி.கே.சாத்துண்ணி. செகந்திராபாத் ராணுவ அணி, கோவாவின் வாஸ்கோ, மும்பையின் ஆர்க்கே மில்ஸ் என்று ஆடியவர். பிறகு பயிற்சியாளர். உங்கள் ஊர் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் போலீசாருடையதுதானே? அந்தக் கேரள போலீஸ் அணி 1990-ல் திருச்சூரில் சல்காவ்கரை 2-1 என வென்று ஃபெடரேஷன் கோப்பையைத் தூக்கியபோது பயிற்சியாளர் இவர்தான். கேரளத்துக்கு அந்தக் கோப்பை அதுவே முதல் தடவை.

அந்த அணியைப் பாருங்கள்: வி.பி.சத்யன், பாப்பச்சன், ஷரஃபலி, அப்புறம் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று வளர்ந்த ஐ.எம்.விஜயன். இத்தனை நட்சத்திரங்களை ஒரே அணியாக ஆடவைப்பது லேசுப்பட்ட வேலையா? லத்தி பிடிக்கும் உத்தியோகஸ்தர்களை விசிலுக்குக் கட்டுப்பட வைத்த மனிதர் அவர்!

பின்னர் கொல்கத்தா போய், 1997-98-ல் மோகன் பகானுக்குத் தேசிய லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். 2024 ஜூனில் காலமானார். விஜயனைத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சாத்துண்ணியையும் சொல்லிக்கொடுங்கள், சார்.