ரெண்டு பேர், ஏசி

2010-ல் ஷான் லெவி இயக்கத்தில் 'டேட் நைட்' என்றொரு ஆங்கில காமெடிப் படம் வந்தது. ஸ்டீவ் கேரல் வரி ஆலோசகர்; டீனா ஃபே வீடு விற்றுக்கொடுப்பவர். நியூ ஜெர்சியில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள், ஏகப்பட்ட அலுப்பு. ஒரு ராத்திரி ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் ஒரு பெரிய ரெஸ்டாரன்டுக்குப் போகிறார்கள். இடம் இல்லை. முன்பதிவு செய்துவிட்டு வராமல் போன ட்ரிப்பிள்ஹார்ன் தம்பதியின் பெயரைக் கூப்பிட, "நாங்கதான்" என்று கணவன் முந்திக்கொள்கிறான். ட்ரிப்பிள்ஹார்ன்களைத் தேடிவந்த இரண்டு அடியாட்கள் இவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். விடியவிடிய ஓட்டம். ஆனால் விடியும்போது பெண்டாட்டியின் கண்ணில் அவன் ஆம்பளையாகத் தெரிகிறான்.

அந்தக் கடைசிக் கட்டத்தை நம்பித்தான் நான் கெட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தப் படத்தை ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தோம். நியூ ஜெர்சிக்காரர்களின் தாழ்வு மனப்பான்மை எனக்கு உடனே பிடிபட்டது. ஐயப்பன்தாங்கலும் அப்படித்தான். தபாலுக்கு சென்னை 56, தாலுகா ஆபீசுக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். "சென்னையில எங்க?" என்று ஊர்ப்பக்கம் கேட்டால், "போரூர்" என்று சொல்லிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். "நாமளும் நாளைக்கு வெளிய போய்ச் சாப்பிடலாம், நாம ரெண்டு பேர் மட்டும்" என்றேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தமிழ் சினிமாவில் இந்த விஷயத்துக்கு முன்மாதிரி தேடிப் பார்த்தேன். சரியாக ஒன்றும் அகப்படவில்லை. 'கல்யாணப் பரிசு' (1959) தங்கவேலு, மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று வீட்டுக்குள்ளேயே பொய் சொல்லி மாட்டுவார். 'பஞ்சதந்திரம்' (2002) ஆட்கள் பெண்டாட்டிகளை விட்டுவிட்டு பெங்களூர் போய் மாட்டுவார்கள். நம் படங்களில் புருஷன் பெண்டாட்டியோடு சேர்ந்து வெளியே போனால் டூயட், இல்லாவிட்டால் லாரி மோதும். காமெடி மட்டும் கிடையாது. ஏன் என்று எனக்கு மறுநாள் புரிந்தது: தயாரிப்பாளர்கள் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டருக்கு மெட்ரோ கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தூண், தடுப்புத் தகரம், மிச்சமிருந்தால் சாலை. அந்தப் படம் வந்த 2010-ல் வேலை தொடங்கிய போரூர் மேம்பாலத்தையே 2017-ல்தான் திறந்தார்கள். இதெல்லாம் தெரிந்தும் நான் ஸ்கூட்டரைக் கிளப்பி, "எனக்கு உள்வழி தெரியும்" என்றேன். பரணிபுத்தூர் வழியாகப் புகுந்து, மௌலிவாக்கத்தில் குன்றத்தூர் சாலையைப் பிடித்து, போரூர் சிக்னலுக்குப் போய்ச் சேர்வது திட்டம். அந்தத் திட்டம் வைத்திருந்த மற்ற எல்லோரும் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தண்ணி லாரி எங்கள் மேல் சொட்டிக்கொண்டே கூட வந்தது. பின்சீட்டில் பட்டுப்புடவை. பேச்சே இல்லை. பேச்சு இல்லாவிட்டால் அது கோபமா பொறுமையா என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

'தி அவுட் ஆஃப் டவுனர்ஸ்' (1970) என்று நீல் சைமன் எழுதிய படம் ஒன்று உண்டு. ஓஹையோவிலிருந்து நியூயார்க் வரும் ஜாக் லெமன், தனக்கு இடைஞ்சல் செய்கிறவர்களின் பெயரையெல்லாம் கேஸ் போடுவதற்காகக் குறித்துக்கொண்டே வருவார். என் மனைவிக்கு நோட்டு தேவையில்லை. பட்டியலிலும் ஒரே பெயர்தான்.

ஓட்டல் வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டாமலே, "முக்கால் மணி நேரம் ஆகும் சார்" என்றார். போன் அடித்தது, அம்மா. குழந்தை தூங்கிவிட்டதாம், சீரியல் வரவில்லையாம், எந்த ரிமோட் என்று கேட்டாள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் ஒரு பெயரைக் கூப்பிட்டு, "ரெண்டு பேர், ஏசி" என்றார். யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்.

ஸ்டீவ் கேரல் என் உடம்பில் இறங்கினார். "நாங்கதான்" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. கோபி மஞ்சூரியன் வந்து சேரும்வரை இருந்தது.

"சார், இது நம்ம டேபிளாச்சே" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தால், எங்கள் அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளர். பக்கத்தில் அவர் மனைவி. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். அன்று காலைதான் பொதுக்குழு. காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று நான் அவருக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தேன், நடுவில் இருமி.

"காய்ச்சல் எப்படி இருக்கு சார்?" என்றார்.

அடியாட்கள் எவ்வளவோ மேல். துப்பாக்கியைக் காட்டினால் ஓடலாம். "நாலு சீட்தானே, சேர்ந்தே உக்காருங்களேன்" என்று சூப்பர்வைசர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். செயலாளர் உட்கார்ந்தார். காலையில் நான் தவறவிட்ட பொதுக்குழு, பட்டர் நானோடு திரும்ப நடந்தது. கழிவுநீர் லாரி ஒரு நடைக்கு என்ன கேட்கிறான், மோட்டார் காயில் ஏன் அடிக்கடி எரிகிறது, மொட்டை மாடியில் யார் வடாம் காயப்போடுகிறார்கள், இரண்டு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டாதவர் யார். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் பெயர் சொல்லவில்லை. பெரிய மனுஷர்.

"இவருக்கு இப்படித்தாங்க, திடீர் திடீர்னு காய்ச்சல் வரும், சாயங்காலமானா விட்டுரும்" என்று என் மனைவி அவர் மனைவியிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது நல்ல சாயங்காலம்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே தையல்காரரிடம் ஏமாந்தவர்கள் என்று தெரிந்ததும் எங்களை மறந்தே போனார்கள்.

பில் வந்தது. "நான் தரேன் சார்" என்றேன். அவர் மறுப்பார் என்று கணக்குப் போட்டு இன்னொரு தடவை அழுத்திச் சொன்னேன். "சரி சார், உங்க இஷ்டம்" என்றார்.

திரும்பும்போது மெயின் ரோட்டிலேயே வந்தோம். காலியாக இருந்தது. "உள்வழி வேணாமா?" என்றாள்.

மறுநாள் காலை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு: தண்ணி லாரி, கழிவுநீர் லாரி இரண்டுக்கும் புதிய பொறுப்பாளர் ஒருவர் பொதுக்குழுவில் ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போட்டிருந்தார். கீழே முதல் கைதட்டல் படம் என் மனைவியுடையது.