விதிமுறையை மட்டும் எழுதிராதலே!

ஏலே பேராண்டி, எம்.எல்.ஏ. ஆனதும் எல்லாருக்கும் வைத்தியம்னு சட்டம் கொண்டாரப் போறேன்னு டீக்கடையில முழங்கினியாமே. நல்ல காரியம். தாத்தன் ஒரு ரோசனை சொல்லுதேன், கேட்டுக்கோ.

சட்டத்தைத் தாராளமாப் போடு. காகிதமும் மையுந்தான் செலவு. விதிமுறையை மட்டும் எழுதிராத. ராஜஸ்தான்காரனைப் பாரு. 2023 மார்ச் 21-ல இந்தியாவுக்கே மொத ஆளா சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேத்தினான். உசுருக்குப் போராடிக்கிட்டு வாறவன்கிட்ட முன்பணம் கேக்கப்படாது, அவனால கட்ட முடியலேன்னா அரசாங்கம் கொடுக்கும்னு எழுதினான். அம்புட்டுத்தான், தனியார் டாக்டர்மார் தெருவுல இறங்கிட்டாக. ஏப்ரல் 4-ல சமாதானம். அம்பது படுக்கைக்குக் கம்மியான தனியார் ஆஸ்பத்திரி சட்டத்துக்கு வெளிய. அரசாங்க நிலமோ சலுகையோ வாங்காததும் வெளிய. ஊருக்கே விருந்துன்னு தண்டோரா போட்டுட்டு, பாதி இலையைச் சுருட்டுன கதை. டிசம்பர்ல ஆட்சியும் மாறிச்சு. சட்டம் இருக்கு, விதிமுறை வராமலே காலம் ஓடிச்சு. பேரு கெட்டுதா? மொதல்ல சட்டம் போட்ட மாநிலம்னு இன்னும் அவனைத்தான சொல்லுதாக!

நம்ம தமிழ்நாட்டுலயும் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் உண்டு. சாக்கடை, கொசு, தொத்துநோய் எல்லாம் அதுல வரும். உன் பாட்டிக்கு மாத்திரை தரணும்னு ஒரு வரி கிடையாது. ஆனா 2021 ஆகஸ்ட்ல ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்ததுல இருந்து, ஒரு புள்ள தோள்ல மாத்திரைப் பையோட வருது. திண்ணையில உக்காந்து பாட்டி கையில பட்டையைச் சுத்துது. அது இறுகுதப்பல்லாம் கிழவி மூச்சைப் பிடிச்சுக்கிடுதா. கேட்டா, மூச்சு விட்டா பிரஷர் கூடிருமாம்!

அந்தப் புள்ள சட்டத்தால வரல, திட்டத்தால வருது. திட்டம் போட்டவன் நாளைக்கு நிறுத்திட்டான்னா எவன்கிட்டப் போய்க் கேக்க? சட்டமும் இருந்து விதிமுறையும் இருந்துச்சுன்னு வையி, எவன் பொறுப்பு, எத்தனை நாள்ல பதில், துட்டு யாரு தாறதுன்னு இந்தக் கிழவன் மனுவோட உன் வாசல்ல வந்து நிப்பேன். உனக்கு எதுக்குலே அந்தத் தொந்தரவு?

சரி, கொடி கட்டப் போறதுக்கு முன்னால தெருமுனைவரைக்கும் போய்ப் பாத்துட்டு வா. பாட்டிக்கு மாத்திரை நாளையோட தீருது. அந்தப் புள்ளய இன்னும் காணல.