புணரியல்: விமானக் கிட்டில் உடலும் இறக்கையும் சேருமிடம் பற்றிய ஆராய்ச்சி

பாயிரம்

சொல்லோடு சொல் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுத்தெழுத்தாக ஆராய்ந்த பவணந்தி முனிவர், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்துக்கு ஒரு சூத்திரமும் செய்து வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்ந்தது 13-ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமான மாதிரிக் கிட்டான ஸ்பிட்ஃபயரைக் கடைக்கு அனுப்பியது 1950-களில். நடுவே விழுந்த 700 ஆண்டு இடைவெளியை அடைப்பதே இந்நூலின் பணி.

நுதலிய பொருள்: ஒட்ட வேண்டிய துண்டுகள் ஒட்டாமல் விலகி நிற்பது. கேட்போர்: உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்தோர். பயன்: பட்டிச் செலவு குறைதல், வீட்டாரோடு பேச்சுவார்த்தை நீடித்தல்.

அளவியல்

விமான மாதிரிகளில் பரவலான அளவு 1/72. ஆறடி ஆள் ஓர் அங்குலமாகும் கணக்கு இது. இடைவெளிக்கும் இதே கணக்குத்தான். இறக்கையின் அடியில் 1 மில்லிமீட்டர் விலகல் இருந்தால், அசல் விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர், விமானி கையை வெளியே நீட்டி மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 1/48 அளவில் அதே விலகல் 4.8 சென்டிமீட்டராகக் குறைகிறது. எனவே பெரிய கிட்டாக வாங்கினால் இடைவெளி சிறுக்கும் என்பாரும் உளர். அவர் கூற்று கணக்குக்குப் பொருந்தும், மாதக் கடைசிக்குப் பொருந்தாது.

காரணவியல்

உருகிய பாலிஸ்டைரீனை உலோக அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சித் துண்டுகளை வார்க்கிறார்கள். ஆறும்போது அது ஏறத்தாழ அரை விழுக்காடு சுருங்கும். அச்சு வெட்டுபவர் இதை அறிந்தே அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுகிறார். ஆனால் தடித்த இடமும் மெலிந்த இடமும் ஒன்றாக ஆறுவதில்லை. தடித்த இடத்தில் குழி விழுகிறது, நீண்ட துண்டு முறுக்கிக்கொள்கிறது. பழைய அச்சு தேய்ந்துபோனால் அதன் இரு பாதிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கசிந்து, துண்டின் ஓரத்தில் மெல்லிய ஏடாகப் படிகிறது. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் கிட்டுகளில் துண்டுகளை நேர்நிறுத்தும் முளைகளே பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே பொருத்தம் கண்டுபிடிப்பது ஜோதிடரின் தொழிலுக்கு அருகில் வருகிறது.

புணர்ச்சி வகை

உடலை நிலைத்துண்டு என்றும், அதை நாடி வரும் இறக்கையை வருதுண்டு என்றும் கொள்க. இரண்டும் மாறுதலின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. பொன்னும் மலையும் பொன்மலை ஆனதைப்போல. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனத்தின் புதிய கிட்டுகளை இதற்குச் சான்று காட்டுவர். பெட்டிக்குள் பசையை ஊற்றிக் குலுக்கினால் விமானம் வெளியே வரும் என்பது அவற்றைப் பற்றி வழங்கும் வேடிக்கை. ஆராய்ச்சியாளனுக்கு அங்கே வேலையில்லை, மேலே செல்வோம்.

மற்றவை விகாரப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என அது மூன்று. தோன்றலை முதலில் வைப்பது இலக்கண மரபு. கிட் கட்டுவோரும் இடைவெளியைக் கண்டவுடன் பட்டி டியூபைத்தான் திறக்கிறார்கள். மேசையில் இம்முறை தலைகீழாக வேண்டும்: முதலில் கெடுதல், அடுத்துத் திரிதல், வேறு வழியில்லாதபோது தோன்றல். ஏனெனில் இடைவெளியின் காரணம் பெரும்பாலும் இடைவெளியில் இருப்பதில்லை. இதுவே இந்நூலின் துணிபு.

கெடுதல்

மரமும் வேரும் சேர, நடுவிலிருந்த மகரம் விலகி மரவேர் ஆனது. கிட்டிலும் எதுவோ ஒன்று விலகினால்தான் இரண்டு சேரும். அது எது என்று கண்டுபிடிக்கப் பசையைத் தொடாமல், டேப்பை மட்டும் ஒட்டித் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். உடலின் இரு பாதிகள் வாய் பிளந்து நின்றால் உள்ளேயிருக்கும் விமானி அறையை எடுத்துவிட்டு மறுபடி மூடுக. பிளவு மறைந்தால் குற்றவாளி அறைதான். அதன் பக்கங்களைச் சுரண்டுக. துண்டுகளைத் தாங்கும் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் மிஞ்சிய முனை, ஒட்டும் விளிம்பில் படிந்த பெயின்ட், உட்புறத்தில் அச்சின் தள்ளுமுளை விட்டுச்சென்ற மேடு ஆகியவையும் விசாரிக்கத் தக்கன. ஐயம் தீராவிடில் ஒரு விளிம்பில் மார்க்கர் மையைத் தடவி, காயுமுன் அழுத்துக. மை எங்கே ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது.

திரிதல்

பொன்னும் குடமும் பொற்குடமாகையில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை, னகரம் வளைந்துகொடுத்தது. இறக்கையின் மேற்புறம் உடலைத் தொடாமல் நின்றால், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை டேப்பை இழுத்துக் கட்டி, இறக்கைகளைச் சற்றே தூக்கிய நிலையில் பசையைக் காயவிடுக. அசல் விமானங்கள் பலவற்றிலும் இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்தே இருப்பதால் வரலாறும் நம் பக்கம். உடலே ஒடுங்கியிருந்தால் உள்ளே சட்டத் துண்டு ஒன்றைக் குறுக்கே முட்டுக்கொடுத்து அகலப்படுத்துக. முறுக்கிய துண்டுக்குச் சுடுநீரும் பொறுமையும் மருந்து.

தோன்றல்

இவ்விரண்டுக்கும் அடங்காத இடைவெளிக்கே புதுப்பொருள். அகன்ற பிளவுக்குப் பிளாஸ்டிக் அட்டையைச் சீவி ஆப்பாக வைப்பது உத்தமம். பூவும் கொடியும் சேரக் ககரத்துக்கு இனமான ஙகரம் தோன்றியதைப்போல, அதே கிட்டின் மிச்சச் சட்டத்தைப் பசையில் கரைத்த கூழைப் பூசுவதும் இனம் தோன்றலே. காய்ந்தபின் அது கிட்டின் பிளாஸ்டிக்காகவே ஆகிவிடும். ஆனால் காய நாளாகும். டியூப் பட்டி கரைப்பான் ஆவியாகும்போது சுருங்கும். ஆகவே மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று. சூப்பர் குளூ சுருங்காது. நாட்பட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், அன்றே தேய்க்காதவர் மறுநாள் விமானத்தைத் தேய்ப்பார், குளூ அப்படியே நிற்கும்.

மறுப்பும் விடையும்

அசல் விமானத்தில் இல்லாத பட்டி மாதிரியில் ஏன் என்று தூய்மைவாதிகள் கேட்கலாம். 1940-இல் முதலில் பறந்த அமெரிக்க மஸ்டாங் விமானம் அவர்களுக்கு விடை. அதன் இறக்கைமேல் காற்று கலங்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டியால் மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். அந்த இறக்கையில் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறித்துத் தரும் கிட்தான் வரலாற்றுப் பிழை. அவற்றை மெழுகி மூடுபவர் உரையாசிரியர்.

புறனடை

விமானியின் கண்ணாடி மூடிக்கு மேற்சொன்ன விதிகள் செல்லா. சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெண்பனி படர்ந்து நிற்கும். அங்கே வெள்ளைப் பசையை நிரப்பி ஈரத்துணியால் துடைப்பதே முறை.

எவ்விதிக்கும் அடங்காத இடைவெளி வயிற்றுப்புறம் இருப்பின் விட்டுவிடலாம். விருந்தினர் எவரும் விமானத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. யாரேனும் கவிழ்த்தால் அவரும் கிட் கட்டுபவர் என்று அறிக. அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் போகும் உரிமை நமக்கு உண்டு.