டேக் திலகம்

மழை விட்ட மறுநாள் காலை, பால் பாக்கெட் வாங்கப் போகும் சென்னைவாசிகளில் ஒருவர் மட்டும் தலை நிமிராமல் நடந்து போவார். கழுத்துவலியெல்லாம் இல்லை, பள்ளம் தேடுகிறார். கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், மகளுக்கு அமெரிக்க வரன் அமைந்தால்கூட அப்படி வராது. உடனே படம் எடுத்துவிட மாட்டார். அதற்கென்று முறை இருக்கிறது. ஆழம் தெரிவதற்காக ஒரு செருப்பைக் கழற்றிப் பள்ளத்தின் ஓரம் வைத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்பார். முதல் படம் பள்ளம் தனியாக. இரண்டாவது, பள்ளமும் தெருப்பெயர்ப் பலகையும் சேர்ந்து. மூன்றாவதுக்குத்தான் பொறுமை வேண்டும்: யாராவது ஸ்கூட்டரில் வந்து அதற்குள் இறங்கி ஏற வேண்டும், பின் சீட்டில் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை இருந்தால் உத்தமம். அதுவரை பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் காபிக்குக் காத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

படம் தயாரானதும் வாசகம். "ஓர் உயிர் போன பிறகுதான் விழித்துக்கொள்வீர்களா?" என்பது இவருடைய நிரந்தர முதல் வரி, அணைந்த தெருவிளக்குக்கும் அதுதான், அள்ளாத குப்பைக்கும் அதுதான். அடுத்து டேக். மாநகராட்சி, ஆணையர், மேயர், போக்குவரத்துக் காவல், முதல்வர், பிரதமர் அலுவலகம், இரண்டு ஆங்கில நாளிதழ்கள், ஒரு தமிழ் சேனல். இரண்டடிப் பள்ளத்துக்குப் பிரதமர் எதற்கு சார் என்று கேட்டால், "சும்மா ஒரு காப்பி போட்டு வைக்கிறதுதான். ஒரு பயம் இருக்கும்ல?" என்பார். இந்த நீண்ட பட்டியலில் இல்லாதவர் ஒருவர்தான்: அந்த வார்டின் கவுன்சிலர். அவருடைய கட்சி இவருக்குத் தெரியும், பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதிலும் சின்னச் சந்தேகம் உண்டு. மன்றத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள் என்பதால் பூவா தலையா போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டேக் திலகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு விடுபடலுக்கு மட்டும் அவர் முழுப் பொறுப்பு இல்லை. அவரை இப்படிப் பழக்கியது இந்த நகரம்தான்.

அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். சென்னையில் எந்த ஓட்டை யாருக்குச் சொந்தம் என்பதில் இவருக்குள்ள புலமைக்கு ஒரு டிப்ளமோ கொடுக்கலாம். மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. அதன் பக்கத்திலேயே வாயைப் பிளந்து கிடக்கும் கழிவுநீர் மேன்ஹோல், 1978-ல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்துக்கு. தெருவிளக்குக் கம்பம் மாநகராட்சிக்கு, அதற்கு இரண்டடி தள்ளி கதவில்லாமல் நிற்கும் பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துக்கு. தெரு மாநகராட்சிக்கு, அது போய்ச் சேரும் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்கு, அந்தச் சாலையின் நடுவே தகரம் அடைத்த பகுதி மெட்ரோ ரயிலுக்கு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. "இது எங்கள் வரம்பில் வராது" என்ற பதிலை வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டது. போதாக்குறைக்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும்; பள்ளம் வாசலிலேயே இருக்கும். அந்தக் குறுஞ்செய்தியையும் அந்தப் பள்ளத்தையும் அருகருகே ஒட்டி இவர் போடும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே, அதுதான் இவருடைய மாஸ்டர்பீஸ். (ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டு 1913, மாநகராட்சியின் புகார் எண்ணும் 1913. அந்த ஆண்டு கொடுத்த மனுக்களைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இவருடைய கட்சி.)

இவருக்கு முன்னோர் உண்டு. அஞ்சலட்டையும் பால்பாயின்ட் பேனாவுமாக உட்கார்ந்து 'ஆசிரியருக்கு' எழுதிய தாத்தாக்கள்தான் அந்த வம்சம். தெருவில் விளக்கு எரியவில்லை, 'ஆவன செய்வார்களா?' என்று முடிப்பார்கள். ஆனால் அந்தத் தாத்தா கடிதம் எழுதிய கையோடு கவுன்சிலரையும் பார்த்து வைத்திருப்பார். கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் அவருடைய மாமனார் உடல்நலம் விசாரித்து, அப்புறம் போகிற போக்கில் விளக்கைப் பற்றிச் சொல்வார். பேரனிடம் இந்த இரண்டாவது வழி காணாமல் போயிருக்கிறது. எப்போது போனது என்று தேதி போட்டே சொல்லலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அரசு எந்திரம் திணறிக்கொண்டிருந்தபோது, எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த மாடியில் கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்பதையெல்லாம் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான் சுமந்தன. கைப்பேசியில் தட்டினால் ஆள் வருகிறது என்று இந்த நகரம் கற்றது அப்போதுதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கி, தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தேகால் ஆண்டுக்கு மேல், 1688-ல் தோன்றிய மாநகராட்சியில், 200 வார்டுகளில் ஒன்றில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாம். வர்தா புயலும் 2019-ன் தண்ணீர்ப் பஞ்சமும் கொரோனாவும் வந்து போனது அந்த இடைவெளியில்தான். குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? தட்டக் கதவே இல்லாதபோது அவர் கைப்பேசியைத் தட்டினார். டேக் திலகம் என்ற இனம் சோம்பேறித்தனத்தில் முளைத்தது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அது சரி, கவுன்சிலர்கள்தான் வந்துவிட்டார்களே, பிறகும் ஏன் இந்த ஒற்றைக்கால் தவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் இவர் மீது எனக்கு வருத்தம். 2022 தேர்தலில் தமிழக நகரங்களின் மொத்த வாக்குப்பதிவு சுமார் 60 சதவீதம். சென்னையில் 43-ஐச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டது. ஐந்து ஆண்டுகளாக "எங்கள் பிரதிநிதி எங்கே?" என்று கேட்ட நகரம், பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வரச்சொன்ன சனிக்கிழமையன்று வீட்டில் இருந்தது. டேக் திலகம் அன்று காலை வாக்குச்சாவடியில் சாய்தளம் சரியில்லை என்று ஒரு பதிவு போட்டாரா, போட்டுவிட்டு ஓட்டும் போட்டாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். கேட்டால், "கவுன்சிலரா? வீடு கட்ட மணல் இறக்கினால் வந்து நிற்பாரே, அவரா?" என்பார். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் பேசாத கவுன்சிலர் மணல் இறக்குபவர்களோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவர் பக்கத்து வக்கீல்கள் வைக்கும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: வேலை நடக்கிறதே! உண்மைதான், நடக்கிறது. ஸ்பெயினில் கிரானடா அருகே ஹூன் என்று ஓர் ஊர். அங்கே மேயர் தன் மக்களை ட்விட்டருக்கு வரச்சொல்லி, போலீஸ்காரர் சட்டையில்கூட ட்விட்டர் முகவரியைத் தைக்க வைத்தார். ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுவார். மேயர் மின்பணியாளரை டேக் செய்வார். பணியாளர் மறுநாள் சரிசெய்து படம் போடுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களே போய்ப் பார்த்து வியந்தார்கள். ஆனால் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 3,500. சென்னையில் ஒரு வார்டிலேயே சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஹூனில் மேயருக்கு மின்பணியாளரைத் தெரியும், மின்பணியாளருக்கு அந்தக் கம்பத்தைத் தெரியும், கம்பத்துக்கு எதிர்வீட்டுக்காரர்தான் புகார் எழுதியவர். ட்விட்டர் அங்கே புதிதாக எந்த உறவையும் உண்டாக்கவில்லை; இருந்த உறவுக்கு ஒரு குறுக்குவழி போட்டது, அவ்வளவுதான். சென்னையின் டேக் எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்கள். மாநகராட்சிக் கணக்கைக் கவனிக்கும் குழு அதைப் பிடித்து மண்டலத்துக்கு அனுப்பும். மண்டலம் வாட்ஸ்அப் குழுவில் போடும். உதவிப் பொறியாளர் காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய செருப்பு தெரியும். 'அர்ஜென்ட்' என்று மேலே எழுதியிருக்கும். பாவம், அவர் வேறொரு தெருவில் தொடங்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, நாலு சட்டி கலவை கொட்டிப் பேட்ச் ஒர்க் முடித்து, பக்கத்தில் நின்று அவரும் படம் எடுத்துக்கொள்வார்.

அந்த 'வேறொரு தெரு' எது என்பதுதான் என் கவலை. பொறியாளரை ஓடவைத்தது பள்ளத்தின் ஆழமா என்றால், இல்லை; அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிருபர்களும் பின்தொடர்பவர்களும்தான். வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும் பள்ளம் முதலில் மூடப்படுகிறது. இப்போது யாரிடம்தான் ஸ்மார்ட்போன் இல்லை, கண்ணகி நகரில் இல்லையா, வியாசர்பாடியில் இல்லையா என்று எதிர்க்கேள்வி வரும். போன் இருக்கிறது. ஆங்கிலத்தில் நயமாகக் கோபப்படும் பழக்கமும், அதை எடுத்துச் செய்தியாக்கும் நண்பர்களும் அதே அளவில் இருக்கிறார்களா? பாஸ்டன் நகரம் 2012 வாக்கில் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்றொரு செயலியை விட்டது. காரில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும், பள்ளத்தில் விழும் குலுக்கலை அதுவே பதிந்துகொள்ளும். மனிதர் கோபமே படவேண்டாம்! அங்கேயும் கார் ஓட்டும், போன் வைத்திருக்கும் பேட்டைகளின் குலுக்கல்தான் அதிகம் பதிவாகும் என்ற சிக்கல் எழுந்தது. நம்மூர்க் கதை இன்னும் நேரடியானது. தெருமுனைக் குப்பை போய்விட்டது என்று டேக் திலகம் கைகூப்பும் பொம்மையோடு நன்றி போடுகிறாரே, அந்தக் குப்பை மறைந்துபோகவில்லை. காலங்காலமாகக் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மேட்டின் முன்னால் செருப்பை வைத்து ஆழம் காட்ட முடியாது.

இதற்காக டேக்கே வேண்டாம் என்று சொல்பவர்கள் மாநகராட்சியோடு பழகியதில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. வார்டு ஆபீஸில் எழுதிக்கொடுத்த மனு எந்த மேசைக்குள் போனது என்று யாருக்கும் தெரியாது. ட்விட்டராக இருந்த எக்ஸில் போட்ட புகார் தேதியோடு ஊரறிய நிற்கிறது. பகலில் வேலைக்குப் போகும் பெண் இரவு பதினொரு மணிக்குப் புகார் சொல்லலாம், எவர் திண்ணையிலும் உட்கார்ந்து எவர் மாமனாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பழைய திண்ணையிலும் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. யார் உட்காரலாம், யார் வாசலோடு நின்று பேச வேண்டும் என்பதில் சாதிக்கும் பங்கு இருந்தது. ஆகவே தாத்தா காலமே பொற்காலம் என்று கண்ணைக் கசக்க நான் தயாரில்லை. பள்ளத்தை மூடவைக்க டேக் போதும். அடுத்த ஆண்டு வார்டுக்கு எவ்வளவு நிதி, அதில் வடிகால் எந்தத் தெருவில் தொடங்கும் என்று முடிவு செய்யும் இடத்தில் டேக்குக்கு வேலை இல்லை. அங்கே கை தூக்க ஆள் வேண்டும்.

அந்த இடமும் இப்போது இருக்கிறது, காகிதத்திலாவது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழ்ப் பகுதி சபைகள் என்று விதிகள் வந்து, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. டேக் திலகத்துக்கு அங்கே போவதில் தயக்கங்கள் பல. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். தன் பள்ளத்துக்கு முன்னால் வேறொருவருடைய கழிவுநீரைப் பற்றி அரைமணி நேரம் கேட்க வேண்டும். லைக் விழாது. எதிரே இருப்பவர் "சார், உங்க தெருவுக்குப் போன வருஷமே ரோடு போட்டாச்சு, எங்களுக்கு இன்னும் மண்ரோடுதான்" என்று சொன்னால் அவரை பிளாக் செய்ய வழியில்லை. அதனால் கூட்டம் நடந்து முடிந்து யாரோ வாட்ஸ்அப்பில் படம் போட்ட பிறகுதான் இவருக்குக் கோபம் வருகிறது. எங்கே, எப்போது கூட்டம் என்று முன்கூட்டியே ஏன் அறிவிக்கவில்லை, எக்ஸில் ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று மாநகராட்சி, ஆணையர், மேயர், முதல்வர், பிரதமர் அலுவலகம் எல்லோரையும் டேக் செய்து கேட்கிறார். பிரதமரை விட்டுவிடலாம். மற்றவர்கள் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.